‘ஷல்’ என்ற சொல்: பேச்சில் ‘வரட்டுமா?’, சட்டத்தில் ‘வேண்டும்’

மசோதாக்களுக்கு ஆளுநர் ஒப்புதல் தருவது பற்றிய தமிழ்நாடு அரசின் வழக்கு 2023 முதல் 2025 வரை செய்திகளில் அடிபட்டுக்கொண்டே இருந்தது. வழக்கின் மையத்தில் இருந்தது அரசமைப்புச் சட்டத்தின் 200-ஆவது பிரிவு. அதை ஆங்கிலத்தில் எடுத்துப் படித்தால் ‘ஷல்’ (shall) என்ற சொல் அடுத்தடுத்து வந்து நிற்கும். பள்ளியில் நாம் படித்த பாடத்தின்படி ‘ஐ ஷல் கோ’ என்றால் ‘நான் போவேன்’. அந்தக் கணக்கில் ‘தி கவர்னர் ஷல் டிக்ளேர்’ என்பதற்கு ‘ஆளுநர் அறிவிப்பார்’ என்றுதான் பொருள் வரும். அறிவிப்பார் என்றால் எப்போது? அறிவிக்காவிட்டால் என்ன? சட்டம் நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்வதற்கு எழுதப்படுவதில்லையே.

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ‘ஷல்’ என்பதை வெறும் எதிர்காலக் குறியாகப் படித்தவர்கள் சட்டம், ஒப்பந்தம், வேலை நியமனக் கடிதம், கடன் பத்திரம் எதைப் படித்தாலும் சறுக்குவார்கள். பேச்சிலும் சறுக்குவார்கள், ஆனால் அது வேறு விதம். இந்தச் சொல்லின் அடிப்படையிலிருந்து தொடங்கினால் இரண்டையும் சரிசெய்துவிடலாம்.

வேரில் இருப்பது கடன்

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் முதற்பொருள் ‘கடன்பட்டிருக்கிறேன்’ என்பது. இன்னாருக்கு இவ்வளவு பணம் தர வேண்டியிருக்கிறது என்று சொல்வதற்கே அதைப் பயன்படுத்தினார்கள். ஆங்கிலத்தின் உறவு மொழியான ஜெர்மனில் இதே குடும்பத்தைச் சேர்ந்த ‘ஷுல்ட்’ என்ற சொல் இன்றும் கடனையும் குற்றத்தையும் சேர்த்தே குறிக்கிறது. பணக்கடன் மெல்ல மெல்லக் கடமையாக விரிந்தது. கடமை என்பது இனிமேல் செய்ய வேண்டிய ஒன்று. அப்படித்தான் எதிர்காலப் பொருள் இந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டது.

‘வில்’ (will) வந்த வழி வேறு. அதன் வேர்ப்பொருள் விருப்பம். ஒருவர் தன் சொத்து தனக்குப் பிறகு யாருக்குப் போக வேண்டும் என்று விரும்புகிறாரோ அதை எழுதிவைக்கும் பத்திரத்துக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். நாம் ‘உயில்’ என்று சொல்வது அந்தச் சொல்லைத்தான். பழைய ஆங்கிலத்தில் எதிர்காலத்துக்கென்று தனி வினைவடிவம் கிடையாது. தமிழில் ‘போவேன்’ என்ற ஒரே சொல்லுக்குள் காலம் அடங்கிவிடுகிறது. ஆங்கிலத்துக்கு அந்த வசதி இல்லாததால், கடனைச் சொன்ன ஒரு சொல்லும் விருப்பத்தைச் சொன்ன ஒரு சொல்லும் அந்த வேலையைப் பங்குபோட்டுக்கொண்டன.

தமிழருக்கு இது புரியாத விஷயமே இல்லை. கடன், கடமை, கடப்பாடு மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை. ‘காலைக்கடன்’ என்று சொல்லும்போது யாரும் வட்டிக்கடையை நினைப்பதில்லை. இன்னும் ஒரு படி போனால் ‘கடவது’ என்ற வடிவம் இருக்கிறது. ‘ஆகக்கடவது’, ‘கல்லாகக் கடவாய்’ என்று சாபத்திலும் வரத்திலும் வருமே, அதுவேதான். பழைய சொத்துப் பத்திரங்களில் ‘ஆண்டு அனுபவித்துக்கொள்ளக் கடவீர்’ போன்ற வாசகங்களைப் பார்க்கலாம். கடமை, எதிர்காலம், சொல்பவரின் அதிகாரம் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லும் சொல் அது. ‘ஷல்’ என்பதற்கு மிக நெருங்கிய தமிழ் உறவு ‘கடவது’தான் என்று நான் நினைக்கிறேன். அது வழக்கொழிந்து போனதால் இப்போது ‘வேண்டும்’ என்று எழுதுகிறோம்.

1653-இல் வந்த விதி

‘ஐ, வி வந்தால் ஷல், யூ, ஹி, ஷி, தே வந்தால் வில்’ என்ற விதியை இந்தியப் பள்ளிகளில் பல தலைமுறைகள் மனப்பாடம் செய்திருக்கின்றன. இதைத் தெளிவாக எழுதிவைத்தவர் ஜான் வாலிஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர். முடிவிலியைக் குறிக்கப் படுக்கவைத்த எட்டுப் போல ஒரு குறி போடுகிறோமே, அதைக் கணிதத்துக்குக் கொண்டுவந்தவரும் இவர்தான். ஆங்கிலம் கற்க விரும்பும் வெளிநாட்டவருக்காக இவர் இலத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கண நூல் 1653-இல் வெளியானது. அவர் சொன்ன விதி இரண்டு பக்கம் கொண்டது. நம் பள்ளிகளில் பலரது மனதில் தங்கியது முதல் பக்கம் மட்டுமே.

1. தன்மையில் ‘ஷல்’ வந்தால் சும்மா எதிர்காலம். ‘வில்’ வந்தால் வாக்குறுதி அல்லது மிரட்டல்.

2. முன்னிலையிலும் படர்க்கையிலும் இது தலைகீழ். ‘வில்’ வந்தால் சும்மா எதிர்காலம். ‘ஷல்’ வந்தால் வாக்குறுதி, மிரட்டல், கட்டளை.

ஏன் இப்படித் தலைகீழாகிறது என்று பார்த்தால் கடன் என்ற வேர் மறுபடி தெரியும். ‘நான் செய்யக் கடமைப்பட்டவன்’ என்று ஒருவர் தன்னைப் பற்றிச் சொன்னால் அதில் அதிகாரம் இல்லை, பணிவுதான் இருக்கிறது. ‘நீ செய்யக் கடமைப்பட்டவன்’ என்று இன்னொருவரைப் பார்த்துச் சொன்னால், அந்தக் கடமையைச் சுமத்துவது பேசுபவர். சிண்டரெல்லா நாடகங்களில் தேவதை ‘யூ ஷல் கோ டு தி பால்’ என்கிறாள். ‘நீ விருந்துக்குப் போவாய்’ என்ற தகவல் அதில் இல்லை. ‘நீ போகிறாய், அதற்கு நான் பொறுப்பு’ என்பதுதான் பொருள். பத்துக் கட்டளைகளின் பழைய ஆங்கில வடிவமும் ‘தௌ ஷல்ட் நாட்’ என்று முன்னிலையில்தான் பேசுகிறது. தமிழ் விவிலியம் அதைக் ‘கொலை செய்யாதிருப்பாயாக’ என்று தருகிறது. எதிர்கால வினையும் கட்டளையும் அந்த ஒரே சொல்லில் சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள்.

சரி, மக்கள் இந்த விதிப்படி பேசினார்களா? முழுமையாகப் பேசியதே இல்லை. ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் அமெரிக்காவிலும் அது வேரூன்றவில்லை. இங்கிலாந்திலேயே, 1940 ஜூன் 4 அன்று நாடாளுமன்றத்தில் சர்ச்சில் ‘வி ஷல் நெவர் சரண்டர்’ என்றார். தன்மையில் ‘ஷல்’ என்றால் வெறும் எதிர்காலம் என்ற கணக்கில் அதைப் படித்தால் அந்தப் பேச்சில் உயிரே இருக்காது. பிலிப்பைன்ஸிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு வந்து சேர்ந்த அமெரிக்கத் தளபதி மக்ஆர்தர் 1942 மார்ச்சில் ‘ஐ ஷல் ரிட்டர்ன்’ என்று சொன்னதும் சபதம்தான். ஆகவே தேர்வுக்குப் படிக்கிறவர்கள் தவிர மற்றவர்கள் வாலிஸ் விதியை வரலாறாகத் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும்.

இன்றைய பேச்சில் மிச்சமிருப்பது

இருபதாம் நூற்றாண்டில் ‘ஷல்’ பேச்சிலிருந்து வேகமாகப் பின்வாங்கியது. ‘ஐ ஷல் கம் டுமாரோ’ என்று இன்று சொன்னால் தவறில்லை, விறைப்பாக ஒலிக்கும், அவ்வளவுதான். ‘ஐ வில்’ அல்லது சுருக்கமாக ‘ஐல்’ என்பதே இயல்பு. ஆனால் ஒரே ஓரிடத்தில் ‘ஷல்’ இன்னும் உறுதியாக உட்கார்ந்திருக்கிறது: ‘ஐ’, ‘வி’ இரண்டோடும் சேர்ந்த கேள்வி.

1. ‘ஷல் ஐ…?’ என்பது தமிழின் ‘-ட்டுமா?’. ‘ஷல் ஐ ஓபன் தி விண்டோ?’ என்றால் ‘ஜன்னலைத் திறக்கட்டுமா?’. ‘ஷல் ஐ மேக் சம் டீ?’ என்றால் ‘டீ போடட்டுமா?’. எதிரில் இருப்பவருக்கு அது வேண்டுமா என்று கேட்கிறோம்.

2. ‘ஷல் வி…?’ என்பது ‘-லாமா?’. ‘ஷல் வி கோ?’ என்றால் ‘போகலாமா?’. ‘வேர் ஷல் வி ஈட்?’ என்றால் ‘எங்கே சாப்பிடலாம்?’.

3. ‘லெட்ஸ் ஸ்டார்ட், ஷல் வி?’ என்று வால்போல ஒட்டினால் ‘ஆரம்பிக்கலாம், என்ன?’ என்ற தொனி.

‘ஷல் யூ…?’ என்ற கேள்வி இன்றைய ஆங்கிலத்தில் புழக்கத்தில் இல்லை. ‘நீ வருவாயா?’ என்பதற்கு ‘வில் யூ கம்?’ என்றுதான் கேட்க வேண்டும்.

இங்கே தமிழ் பேசுபவர்களுக்கென்றே ஒரு பள்ளம் இருக்கிறது. நம்முடைய ‘-லாமா?’ இரண்டு வேலை செய்கிறது. ‘நாம் போகலாமா?’ என்பது யோசனை. ‘நான் உள்ளே வரலாமா?’ என்பது அனுமதி. ஆங்கிலம் இரண்டையும் பிரித்துவைத்திருக்கிறது. யோசனைக்கு ‘ஷல்’, அனுமதிக்கு ‘மே’ அல்லது ‘கேன்’. வகுப்பு வாசலில் நின்று ‘மே ஐ கம் இன் சார்?’ என்று கேட்டுப் பழகிய அதே மாணவர், பிறகு அலுவலகத்துக்குப் போய் மேலாளரிடம் ‘ஷல் ஐ டேக் லீவ் டுமாரோ?’ என்கிறார். நம் மேலாளருக்குப் புரிந்துவிடும், அவரும் தமிழர் என்றால். ஆனால் லண்டனிலிருந்து பேசுகிறவர் காதில் அது ‘நான் நாளைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டால் உங்களுக்கு உதவியாக இருக்குமா, எடுக்கட்டுமா?’ என்று விழும். கேட்க நினைத்தது அனுமதி, கேட்டது யோசனை. ‘குட் (could) ஐ டேக் லீவ் டுமாரோ?’ அல்லது ‘மே ஐ…?’ என்று கேட்பதே சரி.

இன்னொன்று, விடைபெறும்போது நாம் சொல்லும் ‘அப்போ வரட்டுமா?’. இதை அப்படியே ‘ஷல் ஐ கம்?’ என்று மாற்றிச் சொன்னால் கிளம்புகிறவர் எங்கே வரப்போகிறார் என்று கேட்பவர் முழிப்பார். அந்த இடத்தில் ஆங்கிலம் ‘ஐ ஷுட் (should) கெட் கோயிங்’ என்கிறது.

சட்டத்துக்குள் போனால்

பேச்சில் கேள்வியாக மட்டும் சுருங்கிப்போன சொல், சட்ட மொழியில் ஆள்கிறது. அங்கே அது பெரும்பாலும் படர்க்கையில் வரும். வாலிஸ் விதியின் இரண்டாம் பக்கம், அதாவது பேசுபவர் அடுத்தவர் மேல் கடமை சுமத்துவது, அப்படியே அங்கே வாழ்கிறது. இந்த முறை பேசுபவர் நாடாளுமன்றம், அல்லது ஒப்பந்தம் எழுதிய தரப்பு. ஆனால் சட்டத்தில் வரும் எல்லா ‘ஷல்’லும் ஒரே வேலை செய்வதில்லை.

முதலாவது, கடமை. ‘தி டெனன்ட் ஷல் பே தி ரென்ட்’ என்றால் வாடகையைக் குடியிருப்பவர் செலுத்த வேண்டும். தமிழ்ச் சட்ட மொழியில் ‘செலுத்துதல் வேண்டும்’.

இரண்டாவது, தடை. ‘ஷல் நாட்’ என்றால் கூடாது. இதில் குழப்பம் குறைவு. ‘மே நாட்’தான் வம்பு பிடித்தது. அது சில இடங்களில் ‘கூடாது’ என்றும், சில இடங்களில் ‘நடக்காமலும் போகலாம்’ என்றும் பொருள் தரும்.

மூன்றாவது, பிரகடனம். அரசமைப்புச் சட்டத்தின் முதல் பிரிவு, இந்தியா, அதாவது பாரதம், மாநிலங்களின் ஒன்றியமாக இருக்கும் என்கிறது. அங்கும் ஆங்கிலத்தில் ‘ஷல் பி’தான். இது யார்மேலும் சுமத்தப்பட்ட வேலை இல்லை. சொன்ன கணத்திலேயே அப்படி ஆகிவிடுகிறது. ‘இந்தச் சட்டம் இன்ன தேதியில் நடைமுறைக்கு வரும்’ என்பதும் இந்த வகைதான். இங்கே ‘வேண்டும்’ என்று மொழிபெயர்த்தால் பொருளே கெடும்.

நான்காவது, உரிமை. ‘ஷல் பி என்டைட்டில்ட் டு’ என்று வந்தால் அந்த ஆளுக்கு உரிமை கிடைக்கிறது, சுமை ஏதுமில்லை. முன்பு பார்த்த ‘அனுபவித்துக்கொள்ளக் கடவீர்’ இந்த வகை.

ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. நீதிமன்றம் எதை நிரூபிக்கப்பட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லும் ‘ஷல் பிரிஸ்யூம்’. இது ஒரு சொல்லால் வழக்கே திசைமாறும் இடம் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். சாட்சியச் சட்டம் இரண்டு சொற்றொடர்களைத் தனித்தனியாக வரையறுக்கிறது. ‘மே பிரிஸ்யூம்’ என்றால் நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம், அல்லது ஆதாரம் கொண்டுவா என்று கேட்கலாம். ‘ஷல் பிரிஸ்யூம்’ என்றால் மறுதரப்பு பொய்யென்று நிரூபிக்கும் வரை அதை உண்மையாகவே கொள்ள வேண்டும். இப்போதைய சாட்சியச் சட்டமான 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷிய அதினியத்தில் பிரிவு 117, திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டு, கணவர் வீட்டார் அவரைக் கொடுமைப்படுத்தியதும் காட்டப்பட்டால், தற்கொலைக்குத் தூண்டினார்கள் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம் என்கிறது. அங்கே இருப்பது ‘மே’. அதற்கு அடுத்த பிரிவு 118 வரதட்சணை மரணம் பற்றியது. இறப்பதற்குச் சற்று முன்பு வரதட்சணைக்காக அந்தப் பெண் கொடுமைப்படுத்தப்பட்டார் என்று காட்டிவிட்டால், அந்த மரணத்துக்குக் காரணம் கொடுமைப்படுத்தியவர்களே என்று நீதிமன்றம் கொள்ள வேண்டும். அங்கே இருப்பது ‘ஷல்’. அடுத்தடுத்த இரண்டு பிரிவுகள். ஒன்றில் நீதிபதிக்கு விருப்புரிமை இருக்கிறது, மற்றதில் இல்லை. சுமை முழுவதும் எதிர்த்தரப்பின் தலையில் இறங்கிவிடுகிறது.

காசோலை வழக்குகளிலும் இதே கதைதான். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் பிரிவு 139, காசோலை ஒரு கடனையோ பொறுப்பையோ தீர்ப்பதற்காகத்தான் தரப்பட்டது என்று, மாறாக நிரூபிக்கப்படும் வரை, கொள்ளப்படும் என்கிறது. ‘சும்மா நம்பிக்கைக்காகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்’ என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்.

‘ஷல்’ இருந்தும் கட்டாயமில்லை

இவ்வளவு சொன்ன பிறகு இதைச் சொல்வது சங்கடம்தான், ஆனாலும் சொல்லியாக வேண்டும். ‘ஷல்’ என்று எழுதியிருந்தும் அது கட்டாயமில்லை என்று நீதிமன்றங்கள் தீர்ப்பளித்ததுண்டு.

உத்தரப் பிரதேச அரசு ஊழியர் ஒருவரின் வழக்கு 1957-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிவானது. அவர்மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுத்தபோது அரசு, பணியாளர் தேர்வாணையத்தை முறையாகக் கலந்தாலோசிக்கவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் பிரிவு 320 ‘ஷல் பி கன்சல்ட்டட்’ என்கிறது, ஆகவே நடவடிக்கை செல்லாது என்பது வாதம். உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. எந்தெந்த விஷயங்களில் ஆணையத்தைக் கேட்கத் தேவையில்லை என்று விதி செய்யும் அதிகாரத்தை அதே பிரிவு அரசுக்குத் தருகிறது. கேட்காவிட்டால் நடவடிக்கை செல்லாது என்று அந்தப் பிரிவு எங்கும் சொல்லவில்லை. ஆகவே இந்த ‘ஷல்’ வழிகாட்டும் தன்மையுடையது என்றது தீர்ப்பு.

சட்டத்தில் இதற்குப் பெயர்கள் உண்டு. மீறினால் செயலே செல்லாமல் போகும் என்றால் அது கட்டாய விதி. மீறினாலும் செயல் நிற்கும் என்றால் அது வழிகாட்டு விதி. எது எந்த வகை என்று தீர்மானிக்க நீதிபதிகள் சொல்லை மட்டும் பார்ப்பதில்லை. மீறினால் என்ன விளைவு என்று சட்டமே சொல்கிறதா? செய்ய வேண்டியவர் ஒரு அதிகாரி, அவர் செய்யாததற்குத் தண்டனை அனுபவிப்பவர் ஒரு குடிமகன் என்று ஆகிவிடுமா? சட்டத்தின் நோக்கம் எதனால் நிறைவேறும்? இந்தக் கேள்விகளையெல்லாம் கேட்கிறார்கள். எதிர்த்திசையிலும் இது நடக்கிறது. ‘மே’ என்று இருந்தாலும், அந்த அதிகாரம் மக்களின் உரிமையைக் காக்கவே தரப்பட்டது என்றால், தேவை எழும்போது பயன்படுத்தித்தான் ஆக வேண்டும் என்று 1880-லேயே பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை ஒரு வழக்கில் விளக்கியிருக்கிறது.

எனக்கு இது நல்ல நிலைமையாகப் படவில்லை. சட்டம் படிக்கிற சாதாரண மனிதன் ஒரு சொல்லின் பலத்தைத் தெரிந்துகொள்ள வழக்கு போட்டுத்தான் ஆக வேண்டும் என்பது, சொல்லைத் தேர்ந்தெடுத்தவர்களின் குறை.

பிரிவு 200-ஐ இப்போது படித்தால்

மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியதும் ஆளுநருக்கு அனுப்பப்பட வேண்டும். இது முதல் ‘ஷல்’. ஒப்புதல் தருகிறேன், ஒப்புதலை நிறுத்திவைக்கிறேன், குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்குகிறேன், இந்த மூன்றில் ஒன்றை ஆளுநர் அறிவிக்க வேண்டும். இது இரண்டாவது. கவனியுங்கள், எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று இந்தச் சொல் சொல்லவில்லை. ஏதோ ஒன்றை அறிவிப்பதுதான் கடமை.

அடுத்து ‘மே’ வருகிறது. பண மசோதா தவிர மற்றவற்றை ஆளுநர் ‘எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில்’ சட்டமன்றத்துக்குத் திருப்பி அனுப்பலாம். திரும்பி வந்தால் சட்டமன்றம் மறுபரிசீலனை செய்ய வேண்டும், மறுபடி ‘ஷல்’. மறுபடியும் நிறைவேற்றி அனுப்பினால் ஆளுநர் ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது. அங்கே ‘ஷல் நாட்’. கடைசியாக, உயர் நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு ஆபத்தான மசோதா என்று ஆளுநர் கருதினால், அவர் ஒப்புதல் தரக் கூடாது, குடியரசுத் தலைவருக்கு ஒதுக்க வேண்டும்.

இத்தனை ‘ஷல்’ இருந்தும் சண்டை வந்தது ஏன்? ‘ஷல்’ கடமையைச் சொல்கிறது, காலத்தைச் சொல்லவில்லை. ‘எவ்வளவு விரைவில் முடியுமோ’ என்பதற்கு நாள் கணக்குக் கிடையாது. குடியரசுத் தலைவருக்கான இதே போன்ற 111-ஆவது பிரிவின் வரைவில் ‘ஆறு வாரத்துக்குள்’ என்று இருந்ததை அரசியல் நிர்ணய சபையில் ‘எவ்வளவு விரைவில் முடியுமோ’ என்று மாற்றினார்கள். எண்ணை எடுத்துவிட்டுச் சொல்லை வைத்தார்கள்.

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆளுநர் ஆர்.என். ரவி பத்து மசோதாக்களைத் திருப்பி அனுப்பினார். நவம்பர் 18 அன்று சிறப்புக் கூட்டத்தில் சட்டமன்றம் அவற்றை மறுபடி நிறைவேற்றியது. ஆளுநர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கினார். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அது செல்லாது என்றது, ஆளுநருக்குக் காலவரம்புகளை வகுத்தது, தன் சிறப்பு அதிகாரத்தின் கீழ் பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகக் கொள்ளப்படும் என்றது. இதையொட்டிக் குடியரசுத் தலைவர் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பினார். 2025 நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தன் கருத்தைச் சொன்னது. அரசமைப்பில் இல்லாத காலக்கெடுவை நீதிமன்றம் விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்வதும் கூடாது. ஆனால் விளக்கமின்றி நீண்ட காலம் கிடப்பில் போட்டால், ஏதாவது ஒரு முடிவெடுக்கும்படி வரம்புக்குட்பட்டு உத்தரவிடலாம். அந்தக் கடைசிப் பகுதி, ‘ஏதோ ஒன்றை அறிவிக்க வேண்டும்’ என்ற இரண்டாவது ‘ஷல்’லோடு பொருந்திப்போவதைக் காணலாம்.

பாரிஸில் ஒரு மாலை

ஒரு ‘ஷல்’ உலக ஒப்பந்தம் ஒன்றையே நிறுத்திவைத்த நிகழ்வும் உண்டு. 2015 டிசம்பர் 12, பாரிஸ் பருவநிலை மாநாட்டின் கடைசி நாள். இறுதி வரைவின் 4-ஆவது பிரிவில், வளர்ந்த நாடுகள் பொருளாதாரம் முழுமைக்குமான உமிழ்வுக் குறைப்பு இலக்குகளை ஏற்று முன்னின்று செயல்படுவதைத் தொடர வேண்டும் என்ற வாசகத்தில் ‘ஷல்’ இருந்தது. அமெரிக்கத் தரப்பு பதறியது. ‘ஷல்’ என்றால் சட்டப்படி கட்டுப்படுத்தும் இலக்கு. அப்படியானால் ஒப்பந்தம் செனட் சபையின் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவுக்குப் போக வேண்டிவரும். அன்றைய செனட்டில் அது கிடைக்க வழியே இல்லை.

கூட்டம் தாமதமானது. அரங்கில் நாடுகளின் பிரதிநிதிகள் காத்திருந்தார்கள். பிறகு மாநாட்டுச் செயலக அதிகாரி ஒருவர் எழுத்துத் திருத்தங்களின் பட்டியலை வாசித்தார். அதற்குள் ஒன்றாக ‘ஷல்’ என்பது ‘ஷுட்’ என்று மாறியது. தலைமை வகித்த பிரான்ஸ் அமைச்சர் லோரான் ஃபாபியுஸ் சுத்தியலைத் தட்டினார், ஒப்பந்தம் நிறைவேறியது. அதே பிரிவில், ஒவ்வொரு நாடும் தன் பங்களிப்புத் திட்டத்தைத் தயாரித்துத் தெரிவிக்க வேண்டும் என்ற இடத்தில் ‘ஷல்’ அப்படியே இருக்கிறது. திட்டம் தருவது கடமை, எவ்வளவு குறைப்பது என்பது கடமையாகவில்லை.

‘ஷுட்’ என்பது ‘ஷல்’லின் இறந்தகால வடிவமாகப் பிறந்த சொல்தான். கடன் பொருள் அதில் நீர்த்துப்போய் ‘செய்வது நல்லது’ என்ற அளவில் நிற்கிறது. தமிழில் இரண்டுக்குமே ‘வேண்டும்’ என்று எழுதிவிடுகிறோம். செய்தி மொழிபெயர்ப்பாளர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். ‘ஷல்’லுக்குச் ‘செய்தாக வேண்டும்’ என்றும் ‘ஷுட்’டுக்குச் ‘செய்வது தகும்’ என்றும் வேறுபடுத்தினால் பாரிஸில் நடந்தது தமிழிலும் புரியும்.

‘மஸ்ட்’ நோக்கிய நகர்வு

இந்தச் சிக்கலுக்குப் பல நாடுகள் கண்ட வழி எளிது: கடமை என்றால் ‘மஸ்ட்’ என்றே எழுதிவிடுவது. தென்னாப்பிரிக்காவின் 1996 அரசமைப்புச் சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டது. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் உரிமையியல் நடைமுறை விதிகளை 2007-இல் திருத்தி எழுதியபோது ‘ஷல்’லைக் களைந்தார்கள். கணினித் துறையினர் அதற்குப் பத்து ஆண்டு முன்னதாகவே விழித்துக்கொண்டார்கள். 1997-இல் வந்த இணையத் தரநிலை ஆவணம் ஒன்று, இனி ‘மஸ்ட்’, ‘ஷல்’ இரண்டுக்கும் ஒரே பொருள், ‘ஷுட்’ என்றால் தக்க காரணம் இருந்தால் விலகலாம், ‘மே’ என்றால் அவரவர் விருப்பம் என்று வரையறுத்தது.

இந்தியச் சட்டங்களில் ‘ஷல்’ மாறவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவும் ‘ஷல் பி பனிஷ்ட்’ என்றுதான் பேசுகிறது. ஆகவே நமக்கு இந்தச் சொல்லிலிருந்து தப்ப வழியில்லை.

கையெழுத்துப் போடும் முன்

வாடகை ஒப்பந்தமோ வேலை நியமனக் கடிதமோ கையில் வந்தால் இப்படிப் படித்துப் பார்க்கலாம்.

1. ‘ஷல்’ வரும் ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாயைக் கண்டுபிடியுங்கள். ‘எம்ப்ளாயீ ஷல்’ என்பது நீங்கள். ‘கம்பெனி மே’ என்பது அவர்கள். உங்கள் பக்கம் எல்லாம் ‘ஷல்’, அவர்கள் பக்கம் எல்லாம் ‘மே’ என்றால், கடமை முழுவதும் உங்களுக்கு, விருப்பம் முழுவதும் அவர்களுக்கு. ‘நீங்கள் 90 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும், நிறுவனம் விரும்பினால் உடனே விடுவிக்கலாம்’ என்பது இந்த அமைப்பில் வருகிற வாக்கியம்.

2. செயப்பாட்டு வினை வந்தால் நிறுத்துங்கள். ‘மெயின்டனன்ஸ் சார்ஜஸ் ஷல் பி பெய்ட் எவ்ரி மன்த்’ என்ற வாக்கியத்தில் பராமரிப்புக் கட்டணம் கட்டப்பட வேண்டும் என்று இருக்கிறது, கட்டுவது யார் என்று இல்லை. வீட்டு உரிமையாளரா குடியிருப்பவரா என்று பெயர் போட்டு எழுதச் சொல்லுங்கள்.

3. எதற்குள் என்று தேடுங்கள். ‘முன்பணம் திருப்பித் தரப்பட வேண்டும்’ என்பது மட்டும் போதாது. வீட்டைக் காலி செய்து சாவி கொடுத்த எத்தனை நாளுக்குள் என்ற எண் வேண்டும்.

4. உங்களுக்குத் தரவேண்டிய இடத்தில் ‘ஷுட்’, ‘வில் என்டவர் டு’, ‘வில் ட்ரை டு’ போன்றவை இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘முன்பணத்தை ஓனர் திருப்பித் தர முயல்வார்’ என்று இருந்தால் முயன்றாலே அவர் கடமை தீர்ந்தது. அங்கே ‘ஷல்’ என்று மாற்றி எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.